மூன்றாவது மந்திரத்தில் இழுத்த கயிறு

அன்றைக்கு என் அண்ணன் கயிற்றை இழுத்ததால் என் வீட்டுக்காரர் பிழைத்தாரா, அல்லது இழுத்ததால்தான் சாகப் பார்த்தாரா? ஏழு மாதமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உலை கொதிக்கும்போது ஒரு பதில் சரியென்று படுகிறது. சோறு வடிப்பதற்குள் மற்றது சரியென்று படுகிறது.

நான் கடற்கரை ஊர் ஒன்றில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறவள். கோட்டாற்றில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரை படித்தேன். அப்பா கடற்கரையில் பிறந்தவர்தான் என்றாலும், கருவாட்டு வியாபாரத்துக்காகக் கோட்டாற்றுச் சந்தைப் பக்கம் குடியேறினவர். அதனால் எனக்கு மீன் தெரியும், கடல் தெரியாது. இதில் ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ போடவில்லை. ஏனென்பது படித்து முடிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

எங்கள் ஊரில் வலைக்காரர் வீடுகள் போக, கோயிலுக்குப் பின்பக்கம் இருக்கிற வீடுகள் சிப்பி குளிக்கிறவர்களுடையவை. குளிக்கிறது என்றால் கடலில் மூழ்குவது. கரையிலிருந்து பார்த்தால் கடலுக்குள் ஒரு பாறைத்தீவு தெரியும். நீர்க்காகம் தவிர அங்கே குடியிருப்பு கிடையாது. அதைச் சுற்றித் தண்ணீருக்கடியில் இருக்கிற பாறைகளில் சிப்பி அடைஅடையாக ஒட்டிக் கிடக்கும். ஆண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, உளியால் அதைப் பெயர்த்து, இடுப்பில் கட்டின வலைப்பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். கார்த்திகையில் கடல் அடங்கினதும் தொடங்கினால் பங்குனிவரை இதுதான் சோலி.

கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே எனக்கு ஒன்று புரிந்தது. இந்த வீடுகளில் எல்லாரும் சத்தமாகப் பேசுகிறார்கள். சண்டை போடுகிறார்களோ என்று முதலில் பயந்தேன். சண்டையில்லை, காது கேட்கவில்லை. பத்து வருஷம் குளித்தவர்களுக்கு ஒரு காதாவது மந்தமாகிவிடும். என் வீட்டுக்காரருக்கு இடது காது. அதனால் நான் எப்போதும் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து பேசப் பழகினேன். சாயங்காலம் அவர் காதில் எண்ணெய் காய்ச்சி விடுவதும் என் வேலை. சில நாள் பஞ்சில் ரத்தம் ஒட்டியிருக்கும். நான் பஞ்சை மடித்து அடுப்பில் போட்டுவிடுவேன். அவரும் கேட்க மாட்டார்.

காலையில் அவர்கள் வயிற்றில் ஒன்றும் போட்டுக்கொள்ளாமல் போவார்கள். கருப்பட்டிக் காப்பி ஒரு வாய், அவ்வளவுதான். வயிறு நிறைந்தால் மூச்சு நிற்காதாம். அவர் போன பிறகு நான் முற்றம் பெருக்குவேன், பிள்ளைகளை எழுப்புவேன், மரச்சீனிக் கிழங்கு அவிப்பேன். ஆனால் வெயில் ஏறத் தொடங்கினால் கை எந்த வேலையில் இருந்தாலும் கண் கடலுக்குப் போய்விடும். கட்டுமரம் திரும்பி வருகிறபோது முதலில் அதில் நிற்கிற தலைகளை எண்ண வேண்டும். எங்கள் மரத்தில் போவது மூன்று பேர். மூன்று தலை தெரிந்தால் மூச்சு விடலாம். அக்கம்பக்கத்துப் பெண்களும் எண்ணத்தான் செய்வார்கள், ஆனால் எண்ணுவதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். நான் மட்டும் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நிற்பேன்.

"கோட்டாத்துக்காரி கப்பல் பாக்குறா" என்று பக்கத்து வீட்டு மைனி சிரிப்பாள். அவள் வீட்டுக்காரர்தான் எங்கள் மரத்தில் துடுப்பு போடுகிற மூன்றாவது ஆள்.

மற்ற இருவரில் ஒருவர் என் வீட்டுக்காரர். இன்னொருவர் என் அண்ணன். அவன் அங்கே எப்படி வந்தான் என்பதைச் சொல்ல வேண்டும்.

கரைக்கு அருகிலுள்ள பாறைகளில் குளிக்கிறவர்கள் கயிறு கட்டுவதில்லை. தீவுக்குப் பின்னால் ஆழக்கல் என்று ஒரு பாறை இருக்கிறது. ஆறு பாகம் ஆழம், ஆறு ஆள் உயரம் இருக்கும், நீரோட்டமும் உண்டு. அங்கே போகிறவர்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவார்கள். மறுமுனையை மேலே கட்டுமரத்தில் ஒருவர் பிடித்திருப்பார். கீழே இருக்கிறவர் இரண்டு தடவை சுண்டினால் இழுக்க வேண்டும். சுண்டாமலே இருந்துவிட்டால் என்ன செய்வது? அதற்குத்தான் மந்திரம். ஆள் மூழ்கினதும் கயிறு பிடிக்கிறவர் செபமாலையில் சொல்கிற பிரியதத்த மந்திரத்தைச் சொல்லத் தொடங்குவார். நாலு மந்திரம் முடிந்தும் கயிறு சுண்டவில்லையென்றால் ஒன்றும் யோசிக்காமல் இழுத்துவிட வேண்டும். கடலில் கடிகாரம் ஏது. மந்திரம் எல்லாருக்கும் மனப்பாடம், மாதாவும் துணைக்கு இருப்பாள் என்று நம்பிக்கை.

அந்தக் கயிற்றை யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துவிட மாட்டார்கள். கூடப்பிறந்தவனிடம்கூடக் கொடுப்பதில்லை. பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். தங்கச்சி தாலி அறுவதைப் பார்த்துக்கொண்டு அவன் கை சும்மா இருக்காது என்பது கணக்கு. என்னைப் பெண் பார்க்க வந்தபோது, பெண்ணுக்கு ஆண் கூடப்பிறப்பு உண்டா என்றுதான் முதலில் கேட்டார்கள். எட்டாம் வகுப்பு படித்ததைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணன் அப்போது கோட்டாற்றில் ஒரு அரிசிக் கடையில் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். எனக்காக வருஷத்தில் நாலைந்து மாதம் கடையை விட்டுவிட்டு எங்கள் வீட்டு ஒட்டுச்சாய்ப்பில் வந்து தங்கத் தொடங்கினான். முதல் வருஷம் கட்டுமரத்தில் ஏறின நாளெல்லாம் வாந்தி எடுத்தான். கரையில் சிரிக்காத ஆளில்லை. "மச்சான் மீனுக்குத் தீனி போட வந்திருக்காரு" என்று என் வீட்டுக்காரரே சொல்வார். ஆனால் கயிறு அவன் கையில் இருக்கும்போது அவர் வேறு எவரையும் நம்பினதில்லை. அவனும் ஒரு நாள் தவறினதில்லை. அப்படியே சில வருஷம் நன்றாகப் போயிற்று.

போன வருஷம் எனக்கு ஏன் பயம் கூடியது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்று, பக்கத்துப் பாறைகளில் சிப்பி குறைந்து, கிட்டத்தட்ட தினமும் ஆழக்கல்லுக்குப் போக வேண்டியதாயிற்று. இரண்டாவது, அடுத்த கரையில் ஒருவர் குளிக்கும்போது இறந்துபோனார். நாலு மந்திரம் முடித்துத்தான் இழுத்தார்களாம். இழுத்தபோது ஆள் வந்தார், உயிர் வரவில்லை. அவர் பெண்டாட்டியை நான் போய்ப் பார்த்தேன். என் வயதுதான். அவள் அழவில்லை. தன் தம்பியைப் பார்த்துப் பார்த்து, "நாலு சொன்னியா, சரியா சொன்னியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

மூன்றாவது என் மகள். அவளுக்கு ஐந்து வயது. ஒரு நாள் அடுக்களையிலிருந்து வெளியே வந்தால், தண்ணீர் அண்டாவுக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்து வீட்டுச் சிறுமி அவள் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருக்கிறாள். நான் ஓடிப்போய் முடியைப் பிடித்துத் தூக்கினேன். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஒழுக, "இன்னும் நாலாவல அம்மா" என்று என்னிடம் கோபித்தாள். அவளை அடித்தேன். பிறகு அடித்த இடத்தைத் தடவிக்கொண்டு இருட்டும்வரை மடியில் வைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மீன்துறையிலிருந்து ஒரு அதிகாரி கரைக்கு வந்தார். கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற ரப்பர்க் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து எல்லாருக்கும் காட்டினார். எங்கள் ஆட்கள் மரச்சட்டத்தில் கண்ணாடித்துண்டு பதித்து, மெழுகு பூசி மாட்டிக்கொள்கிறவர்கள். அதனால் அதைக் கைக்குக் கை வாங்கிப் பார்த்தார்கள். அவரிடம் ஒரு படமும் இருந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரர் முதுகில் இரும்புக் குடுவை கட்டிக்கொண்டு கடலுக்கடியில் நிற்கிறார். குடுவைக்குள் காற்றை அடைத்து வைத்திருக்கிறதாம், குழாய் வழியாக மூச்சு விட்டுக்கொண்டே வெகுநேரம் இருக்கலாமாம்.

"முதுகுல காத்த கெட்டிட்டுப் போனா சிப்பிய எங்க கெட்டுவான்?" என்று துடுப்பு போடுகிறவர் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் மட்டும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்று, அந்தக் குடுவை என்ன எடை இருக்கும், எங்கே கிடைக்கும் என்று கேட்கலாமா என்று தயங்கினேன். கேட்கவில்லை. அதிகாரி படத்தைச் சுருட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். ஆண்கள் பழையபடி, நம் தமிழ்த் தாலுகாக்கள் திருவிதாங்கூரை விட்டுச் சென்னையோடு சேருமா சேராதா என்று பேசத் தொடங்கினார்கள். சேர்ந்தாலும் சேராவிட்டாலும் ஆழக்கல் அதே இடத்தில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நான் செய்த காரியத்தை இனிச் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு அப்பா ஒரு மேஜைக் கடிகாரம் கொடுத்திருந்தார். நொடி முள் உண்டு. ஒரு நாள் மத்தியானம் அண்ணன் சோறு உண்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தபோது, கடிகாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மரத்தில் சொல்கிறமாதிரி நாலு மந்திரம் சொல்லச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். கோட்டாற்றுக் கோயிலில் பாட்டுக் கூட்டத்தில் இருந்தவன். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, இழுத்து, அழகாகச் சொன்னான். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுச் செபமாலையில் துடுப்புக்காரர் சொல்வதை முள்ளைப் பார்த்து அளந்தேன். இந்தக் கரைக்காரர்கள் மந்திரத்தைக் கொட்டிவிடுவார்கள். அண்ணன் மூன்று சொல்கிற நேரத்தில் அவர் நாலும் முடித்து ஐந்தாவதில் பாதி போய்விட்டார்.

நாலு என்கிற கணக்கு என் வீட்டுக்காரரின் அப்பா காலத்துக் கணக்கு. இந்தக் கரையின் வேகத்தில் சொல்கிற நாலு. அண்ணனோ இத்தனை வருஷமாகக் கோட்டாற்று நாலு சொல்லிக்கொண்டிருக்கிறான். இதுவரை அவர் முன்னதாகவே சுண்டி வந்துவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் சுண்டாமல் போனால் அண்ணன் பிந்திவிடுவான்.

இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தடவை வாயெடுத்தேன். குளிக்கப் போகிறவனிடம் பெண்பிள்ளை மூச்சைப் பற்றிப் பேசக் கூடாது என்று இங்கே ஒரு வழக்கம். படித்த திமிர் என்று நினைப்பாரோ என்றும் இருந்தது. அதனால் அண்ணனிடம் சொன்னேன்.

"அண்ணே, நீ மூணுலயே இழுத்திரு."

"மாப்பிள நாலுன்னுதான் சொல்லியிருக்கான்."

"ஒன் நாலு அவருக்கு அஞ்சுக்கு மேல. கடியாரத்துல பாத்தேன்."

அவன் கடிகாரத்தை வாங்கி முள்ளைப் பார்த்தான். பிறகு, "ஒனக்கு அதுல நிம்மதின்னா செய்யுதேன்" என்றான். நிம்மதி என்று அவன் சொன்னது இப்போதும் காதில் நிற்கிறது.

மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். வெயில் இன்னும் ஏறவில்லை. மரங்கள் திரும்புகிற நேரமில்லை. பக்கத்து வீட்டு மைனி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏட்டி, ஒங்க மரம் வருது" என்றாள். அவள் குரல் மெதுவாக இருந்தது. அவள் மெதுவாகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

எண்ணினேன். இரண்டு தலை. மறுபடி எண்ணினேன். இரண்டு தலைதான்.

மகன் சோப்பு நுரையோடு அழுதுகொண்டே பின்னால் ஓடிவந்தது நினைவிருக்கிறது. மணலில் எப்படி இறங்கினேன் என்பது நினைவில்லை. மரம் கரை தட்டினபோது அவர் அதன்மேல் மல்லாந்து கிடந்தார். மூக்கிலிருந்து ரத்தம். வலது தோள் இடம் மாறி, கை வேறு யாருடையதோபோலக் கிடந்தது. உள்ளங்கை கிழிந்திருந்தது. மார்பு அசைகிறதா என்றுதான் நான் பார்த்தேன். அசைந்தது. அண்ணன் முழங்கால் தண்ணீரில் கயிற்றைக் கையில் பிடித்தபடியே நின்றான். அதை விடச் சொல்லி இரண்டு பேர் விரல்களைப் பிரிக்க வேண்டியிருந்தது.

அருமனைப் பக்கத்திலிருந்து எலும்பு முறிவு பார்க்கிற ஆசானை அழைத்து வந்தார்கள். தோளை ஏற்றிவிட்டு, எண்ணெய்க் கட்டு போட்டார். ஐப்பசிவரை கடலில் இறங்கக் கூடாது என்றார். மூக்கிலிருந்து வந்த ரத்தத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு, "உயிரு இருக்கில்லா பிள்ளே" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பேச்சு வந்ததும் என் வீட்டுக்காரர் அண்ணனைக் கூப்பிட்டார். அறையில் நான், அண்ணன், துடுப்புக்காரர். கீழே என்ன நடந்தது என்று அவரே சொன்னார். பாறை இடுக்கில் நல்ல அடை ஒன்று இருந்தது. வலது கையை உள்ளே விட்டு உளியால் நெம்பிக்கொண்டிருந்தார். மூச்சு இன்னும் இருந்தது. கையை எடுப்பதற்குள் கயிறு இழுத்தது. உடம்பு மேலே போகிறது, கை இடுக்கில் நிற்கிறது. தோள் கழன்ற வலியில் வாயைத் திறந்து கடலைக் குடித்துவிட்டார்.

"எத்தன சொன்னிய மச்சான்?"

அண்ணன் தரையைப் பார்த்தான். துடுப்புக்காரர்தான் பதில் சொன்னார். "மூணு. நான் அவரு வாயத்தான் பாத்துட்டு இருந்தேன். மூணு முடிஞ்சதும் இழுத்தாச்சு."

"நாலுன்னு ஒங்கிட்ட நான் பறஞ்சனா இல்லியா?"

"கயிறு செத்துப் போச்சு மாப்பிள" என்றான் அண்ணன். "அதுல அசைவே இல்ல. மேல வந்தப்ப ஒன் உதடு நீலமா இருந்துது."

"வெள்ளம் குடிச்சவனுக்கு உதடு செவப்பாவா இருக்கும்?"

அண்ணன் ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேனா? வாயைத் திறந்தேன் என்பது உண்மை. ஒத்தடத்துக்கு வெந்நீர் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனேன்.

இரண்டு நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கோட்டாற்றுக்காரனுக்குப் பயம் வந்து மூன்றிலேயே இழுத்துவிட்டான் என்று. அவனுக்குப் பெயரே மூணு ஆகிவிட்டது. கிணற்றடியில், "மூணு வாறான், நாலாவது ஆளு தள்ளி நில்லுங்க" என்பார்கள். அவன் குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் காத்திருப்பான். சின்னப் பிள்ளைகள் மூன்று விரலைக் காட்டிவிட்டு ஓடும். அதில் என் மகளும் ஒருத்தி. அவளுக்கு அது விளையாட்டு.

அவன் ஊரைவிட்டுப் போன அன்று, பஸ் வருகிற முக்குவரை நானும் போனேன். சிலுவை நிற்கிற குருசடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவனிடம் கேட்டேன்.

"அண்ணே, அந்த மூணு எப்பிடிச் சொன்னே? பாயில இருந்து சொன்னமாதிரியா?"

அவன் யோசித்தான். "தெரியல மக்கா. பாயில இருக்கும்போ அடியில ஆளு இல்லியே. மரத்துல பயமாத்தான் இருக்கும். வேகமாச் சொல்லியிருப்பனோ என்னவோ."

"கயிறு செத்துப்போனது எப்ப? ரெண்டாவதுலயா, மூணாவதுலயா?"

"நீ டீச்சரம்மா மாதிரி கேக்காத. எனக்கு அது செத்துப்போச்சுன்னுதான் தெரியும்."

நான் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவன் பையைத் தோளில் மாற்றிக்கொண்டு, "சொல்லாத" என்றான். "என்ன வேண்டாம்ன்னா வேற ஆளப் பாப்பான். ஒன்ன வேண்டாம்ன்னா என்ன செய்வான்?"

பஸ் வந்தது, ஏறிவிட்டான். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு அவன் வரவில்லை.

கடிகாரத்தை வைத்து நான் அளந்தது வயிறு நிறைந்து பாயில் உட்கார்ந்திருந்த ஒருவனுடைய மந்திரத்தை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கருநீலத் தண்ணீரைப் பார்க்கிறவனுடைய மந்திரம் வேறு என்று எனக்குத் தோன்றவில்லை. படித்தவள் செய்கிற தப்பு இது. இந்த ஊர்ப் பெண்கள் ஒருத்தியும் செய்திருக்க மாட்டாள். அப்படி நினைத்து அழுவேன். உடனே, கயிறு செத்துவிட்டது என்று அண்ணன் சொன்னது நினைவுக்கு வரும். நாலாவதும் சொல்லியிருந்தால்? அடுத்த கரையில் அந்தப் பெண் கேட்டமாதிரி நானும் கேட்டுக்கொண்டிருப்பேனே. தன் மூச்சு எப்போது போயிற்று என்று தண்ணீருக்கடியில் இருந்தவருக்கே சரியாகத் தெரியுமா? இவரை நம்பினால் நான் குற்றவாளி. அண்ணனை நம்பினால் நான் அவர் உயிரைக் காப்பாற்றினவள். இரண்டு பேரும் பொய் சொல்லத் தெரியாதவர்கள்.

இவ்வளவையும் மனசுக்குள் வைத்துக்கொண்டு சாகும்வரை இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம்வரைக்கும்.

போன வாரம் அவர் தோளைச் சுழற்றிப் பார்த்தார். வலி விட்டுவிட்டது. உளிகளைத் தீட்ட எடுத்து வைத்தார். பிறகு திண்டில் சாய்ந்துகொண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணால் என்னைப் பார்த்துச் சைகை காட்டினார். எண்ணு என்று அர்த்தம். நான் மனசுக்குள் மந்திரம் சொல்லத் தொடங்கினேன். அவர் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. நான் நாலு முடித்தேன், ஐந்து முடித்தேன், ஆறு முடித்தேன். அப்புறம்தான் அவர் மூச்சை விட்டார். தொடங்கும்போதே கடிகார முள்ளைப் பார்த்து வைத்திருந்தேன், இப்போது மறுபடி பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை. வீட்டுக்குள்ளே, தரையில் உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு நான் சொன்ன மந்திரமே அந்த ஓட்டம் ஓடியிருக்கிறது.

"எத்தன?" என்று கேட்டார்.

"ஆறு" என்றேன்.

"பாத்தியா. ஆளு பழைய ஆளுதான்" என்று சந்தோஷமாகச் சிரித்தார். அது பயத்தில் ஓடின ஆறு என்று நான் சொல்லவில்லை.

இந்த வருஷம் கயிற்றை யார் பிடிப்பது என்று வலப்பக்கமாக உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன். வேறு ஆள் கையில் கயிறு கொடுப்பது இந்த வீட்டு வழக்கமில்லை. அவர் உளியை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்.

"கயிறு வேண்டாம் பிள்ளே. கயித்தாலதான் கை போச்சு. கெட்டாமலே எறங்குதேன்."

ஆழக்கல்லில் கயிறில்லாமல் இறங்குகிறவர்கள் ஒருவரும் இல்லை. முன்பு ஒருவர் இறங்கினாராம். அவர் பெண்டாட்டியை எனக்குக் காட்டியிருக்கிறார்கள். பூசைக்குக் கடைசி வரிசையில் வெள்ளைச் சேலையோடு உட்காருகிறவள்.

இப்போது எனக்கு இரண்டு வழிதான் தெரிகிறது. மூன்று என்று சொன்னது நான்தான், அண்ணனுக்குப் பயம் வரவில்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவர் கோபம் அண்ணனை விட்டு என்மேல் வரும். அண்ணன் பெயர் சுத்தமாகும். ஒருவேளை அவர் போய் அவனை அழைத்துவந்து கயிற்றை மறுபடியும் அவன் கையில் கொடுக்கலாம். ஆனால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? இறங்குகிற ஒவ்வொரு தடவையும், மேலே இவள் என்ன சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாளோ என்று நினைத்தால் அவருக்கு மூச்சு நிற்குமா? அந்தச் சந்தேகத்தோடு குளிப்பதைவிடக் கயிறில்லாமல் குளிப்பதே மேல் என்று தோன்றிவிட்டால்? சொல்லாமல் இருக்கலாம். அப்போது வீடு இப்படியே இருக்கும். அவர் இடுப்பில் ஒன்றும் கட்டாமல் ஆறு பாகம் இறங்குவார், நான் கரையில் நின்று தலைகளை எண்ணுவேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர் இளைஞர், மலைப்பக்கத்து ஊர்க்காரர். கணவனிடம் ஒளிக்கக் கூடாது என்றார். கடலைப் பற்றி அவருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு மைனியிடம் யாரோ ஒருத்தியின் கதைபோலச் சொல்லிப் பார்த்தேன். அவள் கையிலிருந்த மீனை நிறுத்தாமல் அரிந்துகொண்டே, "வாய மூடிட்டு இருந்தா நெறைய பேரு உயிரோட இருப்பாங்க" என்றாள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரருக்கு எழுத்து தெரியாது. இந்தப் பத்திரிகை எங்கள் ஊரில் எனக்கு மட்டும்தான் வருகிறது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். கார்த்திகைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. உங்களில் கடலுக்கோ, மலைக்கோ, கிணறு தோண்டவோ ஆளை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்கிற பெண்கள் இருப்பீர்கள். கயிறு பிடித்த அண்ணன்மாரும் இருக்கலாம். உயிரைப் பணயம் வைத்து இறங்குகிற ஆண்களும் இருக்கலாம். உங்கள் மனைவி இப்படி ஒன்று செய்திருந்தால் அதை அவள் வாயால் கேட்க விரும்புவீர்களா, மாட்டீர்களா? நான் அவரிடம் சொல்லலாமா? சொல்வதானால் எந்த வார்த்தையில் தொடங்க வேண்டும்? கடல் அடங்குவதற்கு முன் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.